சூட்கேஸில் வந்த மக்னீசியம்

ஆஸ்பத்திரியில் சேர்ந்த முதல் இரண்டு நாட்களில் ஆறு பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "பிரஷர் மாத்திரை தவிர வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?" ஆறு பேரிடமும் இல்லை என்றேன். அது பொய் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. மாத்திரை என் கைப்பையிலேயே இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே நாலு அறை அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

இப்போது வீட்டில் இருக்கிறேன். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஆப்பிளைக் கையில் கொடுத்துவிட்டு, "நல்லாத்தானே இருந்தீங்க, எப்படி ஆச்சு?" என்கிறார்கள். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. சொல்லும்போது கோபம் வருகிறது, கோபம் வந்தால் பிரஷர் ஏறுகிறது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன், கேட்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும். என் இரண்டு சிறுநீரகங்களும் பிழைக்குமா, இல்லை வாரத்துக்கு மூன்று நாள் இயந்திரத்தோடு கட்டிப்போட்டது போல ஆயுசு முழுக்கக் கிடக்க வேண்டுமா? அந்தப் பதினேழு நாட்களும் என் முன்னால் இருந்த கேள்வி இது ஒன்றுதான்.

நான் பிரெஞ்சு டீச்சர். பெயர் விமலா. புதுச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருடமாகப் பாடம் நடத்துகிறேன். பிள்ளைகள் என்னை 'மதாம்' என்று கூப்பிடும். வீடு நெல்லித்தோப்பில். கணவர் சேகர் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். என் அக்கா சாந்தா பாரிஸுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறாள். அவளுக்குப் பிரெஞ்சு நேஷனாலிட்டி மாப்பிள்ளை அமைந்தார், பத்தொன்பது வயதில் விமானம் ஏறிவிட்டாள். பிரெஞ்சு படித்தது தங்கச்சி, பிரான்ஸ் போனது அக்கா என்று எங்கள் சொந்தத்தில் கிண்டல் செய்வார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். அந்தச் சிரிப்பு எனக்கு எப்போதும் தொண்டைக்குக் கீழே இறங்கியதில்லை.

பிரஷர் இருப்பது போன வருடம் பள்ளியில் நடந்த மருத்துவ முகாமில் தெரிந்தது. நூற்று எழுபதுக்கு நூற்றுப் பத்து. மேல் எண் என்பது இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது குழாயில் உண்டாகும் அழுத்தம், கீழ் எண் இதயம் ஓய்வெடுக்கும்போது மிச்சம் நிற்கும் அழுத்தம். நூற்று இருபதுக்கு எண்பது என்றால் நிம்மதி. எனக்குத் தலைவலி இல்லை, மயக்கம் இல்லை. ஒன்றுமே இல்லாமல் எப்படி நோய் இருக்கும் என்று முகாமுக்கு வந்த டாக்டரிடம் சண்டை போட்டேன். "ஒண்ணும் தெரியாம இருக்கறதுதான் மேடம் இதோட வேலையே" என்றார் அவர். இரண்டு மாத்திரை எழுதித் தந்தார். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். ஆயுசுக்கும் என்றார்.

ஆயுசுக்கும் என்ற அந்த வார்த்தைதான் என்னைக் கடுப்பேற்றியது. மாத்திரை சாப்பிட ஆரம்பித்ததும் கணுக்கால் வீங்கியது. செருப்பு வார் பதிந்து தடம் விழுந்தது. டாக்டரிடம் போய்ச் சொல்லியிருந்தால் வேறு மாத்திரைக்கு மாற்றியிருப்பார், அவ்வளவுதான் விஷயம். நான் போய்ச் சொன்னது அக்காவிடம்.

அக்கா ஒவ்வொரு ஆகஸ்டிலும் வருவாள். பிரான்ஸிலிருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் அத்தனை பேருக்கும் அது 'வக்கான்ஸ்' மாதம், பள்ளி விடுமுறை. வந்த மறுநாள் காலையில் எங்கள் வீட்டு ஹாலில் சூட்கேஸ் திறக்கப்படும். சொந்தக்காரர்கள் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். சென்ட், சோப்பு, சாக்லேட் எல்லாம் கைமாறிய பிறகு அடியிலிருந்து ஒரு பெரிய பிளாஸ்டிக் பை வரும். அதுதான் மருந்துப் பை. இதற்காகத்தான் பாதிப் பேர் காத்திருப்பார்கள். இங்கே தெருமுனைக் கடையில் கிடைக்கும் காய்ச்சல் மாத்திரையே அங்கிருந்து வந்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். விமானத்தில் கிலோக் கணக்குப் பார்ப்பதால் அக்கா அட்டைப் பெட்டிகளையெல்லாம் அங்கேயே பிரித்துப் போட்டுவிடுவாள். மாத்திரைப் பட்டைகளை மட்டும் ரப்பர் பேண்ட் போட்டு, கவருக்குள் வைத்து, மேலே மார்க்கரால் தமிழில் எழுதிக்கொண்டு வருவாள். 'தலைவலி'. 'வயிறு'. 'மூட்டு'. அந்த வருடம் எனக்கென்று வந்த கவரில் 'நரம்பு, பிரஷர்' என்று எழுதியிருந்தது.

"மக்னீசியம்டி. டாக்டர் சீட்டே வேணாம், அங்க எல்லாரும் போடுறாங்க. உடம்பு தளர்ந்து ரத்தம் நல்லா ஓடும். பிரஷர் தானா எறங்கிடும்" என்றாள்.

"அப்ப இந்த மாத்திரை?"

"அத்த மெல்ல விட்டுடு. அது கெமிக்கல், இது நத்துரேல்."

நத்துரேல் என்றால் இயற்கையானது. அந்தச் சொல்லை எழுத்துப் பிழையில்லாமல் எழுத ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். எட்டாம் வகுப்பில் மருந்துக்கடை உரையாடல் என்று ஒரு பாடமே இருக்கிறது. மருந்தோடு வரும் காகிதத்தைப் படித்துவிட்டுத்தான் சாப்பிட வேண்டும் என்று கடைக்காரர் அதில் சொல்வார். வருடா வருடம் அதை நடத்துகிறேன். ஆனால் அன்றைக்கு, இந்தப் பட்டைகளின் காகிதம் எங்கே என்று நான் அவளைக் கேட்கவில்லை. அக்கா கொண்டுவந்தது மருந்து என்ற கணக்கிலேயே எனக்கு வரவில்லை, சாக்லேட் மாதிரி அதுவும் ஒரு சாமான்.

காலையில் மூன்று, மாலையில் மூன்று. பழைய மாத்திரையை முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கினேன், பிறகு அடியோடு நிறுத்தினேன். கால் வீக்கம் வடிந்தது. பார்த்தாயா, இயற்கை இயற்கைதான் என்று ஆசிரியர் அறையில் பெருமை அடித்தேன். எட்டு மாதத்தில் ஒருமுறைகூடப் பிரஷர் பார்க்கவில்லை. உடம்பு சொல்லாதா என்ற நினைப்பு. தீர்ந்தபோதெல்லாம் அங்கிருந்து வருகிற யார் கையிலாவது அக்கா கொடுத்தனுப்பினாள். கடைசி இரண்டு மாதம் தலை கனமாக இருந்தது. ஃபோனில் சொன்னேன். "எட்டாப் போட்டுக்க" என்றாள். போட்டுக்கொண்டேன்.

ஏப்ரலில் ஒருநாள் ஏழாம் வகுப்பில் சொல்வதெழுதல் நடத்திக்கொண்டிருந்தேன். புத்தகத்தில் வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறின. கண்ணாடியைத் துடைத்துப் போட்டேன், அப்படியே இருந்தது. பிறகு பிள்ளைகள் முன்னாலேயே வாந்தி எடுத்தேன். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது இருநூற்று முப்பதுக்கு நூற்று நாற்பது.

"பிரஷர் மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா?" என்று கேட்டார் பெரிய டாக்டர். பெயர் பெற்றவர், பின்னால் நாலு பேர் நோட்டோடு நிற்பார்கள்.

"டெய்லி சாப்பிடறேன் டாக்டர்" என்றேன்.

இது மட்டும் சுத்தப் பொய், தெரிந்தே சொன்ன பொய். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளை என்ன செய்யுமோ அதையே நானும் செய்தேன். மாணவர்கள் சொன்னால் இரண்டு நொடியில் கண்டுபிடித்துவிடுவேன். அவர் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்க என் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அவர் பார்த்தது கேஸ் அட்டையை. முழு அளவு மாத்திரை சாப்பிட்டும் இவ்வளவு ஏறியிருக்கிறது என்று எழுதிக்கொண்டு இன்னும் மூன்று மருந்து சேர்த்தார். நானும் சேகரும் வாயைத் திறக்கும் முன்பே அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அன்று மாலை இரத்தப் பரிசோதனை வந்தது. கிரியாட்டினின் நாலு புள்ளி எட்டு. கிரியாட்டினின் என்பது தசைகள் வேலை செய்வதால் சேரும் ஒரு கழிவு. சிறுநீரகம்தான் அதை வடிகட்டி வெளியேற்றும். இரத்தத்தில் அது ஒன்றைச் சுற்றித்தான் இருக்க வேண்டும், ஏறினால் வடிகட்டி அடைத்துப்போய்விட்டது என்று அர்த்தம். அந்த எண்ணைச் சொன்ன பயிற்சி டாக்டர் டயாலிசிஸ் என்ற சொல்லையும் சேர்த்துச் சொன்னான். சேகர் வெளியே போய் அரை மணிநேரம் வரவில்லை. வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

தீவிர சிகிச்சையில் இரண்டு நாள் வைத்துவிட்டு மூன்றாம் நாள் அறைக்கு மாற்றினார்கள். கையில் ஊசி வழியாக ஏற்றிய சொட்டு மருந்தில் பிரஷர் மெல்ல இறங்கியது. எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் நான் தளர்ந்துகொண்டே போனேன். டம்ளரைப் பிடித்தால் கை நழுவியது. கண்ணிமை தானாக மூடியது. சிஸ்டர் கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியும், நாக்கு புரளாது. நாடி ஐம்பதுக்குக் கீழே போனது. பிரஷர் சட்டென்று இறங்கியதால் வந்த களைப்பு என்றார் பெரிய டாக்டர். ஒரு மருந்தைக் குறைத்தார். மறுநாள் இன்னும் தளர்ந்தேன்.

ஐந்தாம் நாள் மாலை லதா சிஸ்டர் உள்ளே வந்தாள். தவளக்குப்பத்துப் பெண், உரத்த குரல், அறைக்கதவைத் தட்டும் வழக்கமே கிடையாது. சேகர் என் தலையைத் தூக்கிப் பிடித்து, பாலோடு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார்.

"சார், இன்னா அது? நான் இன்னும் சாயந்தர மாத்திரையே குடுக்கலியே!"

"இது மருந்து இல்லம்மா. சத்து மாத்திரை, பிரான்ஸ்ல இருந்து வந்தது."

"எத்தினி குடுத்தீங்க?"

"காலைல நாலு, இப்ப நாலு. ரூமுக்கு வந்ததுல இருந்து குடுக்கறேன். மயக்கத்துல அவளுக்கு எங்க ஞாபகம் இருக்கும், நாமதான பாத்துக்கணும்."

லதா அவர் கையிலிருந்து பட்டையைப் பிடுங்கினாள். "படிச்சவங்கதான சார் நீங்க? இங்க ஆறு பேரு கேட்டிருக்கோம், ஒருத்தர்கிட்டயாவது சொன்னீங்களா?" என்று கத்தினாள். சேகர் டம்ளரைப் பிடித்தபடி நின்றார். என் மனுஷன் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து நேரம் தவறாமல், கடிகாரம் பார்த்துக் கொடுத்திருக்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் முகத்தை அப்படி ஆக்கிய எல்லோர் மேலும் வந்தது.

அரை மணி நேரத்தில் சிறுநீரக டாக்டர் வந்தார். வயதில் சின்னவர், தனியாக வந்தார், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சின்ன ரப்பர் சுத்தியலால் என் முழங்காலுக்குக் கீழே தட்டினார். கால் ஆடவில்லை. இன்னொரு காலிலும் தட்டினார், அதுவும் மரக்கட்டை மாதிரி கிடந்தது.

"மக்னீசியம் நல்ல உப்புதான். கீரையில இருக்கு, கொட்டையில இருக்கு, உடம்புக்கு வேணும்" என்றார். "மிஞ்சினதை சிறுநீரகம் வெளிய தள்ளிடும். உங்களுக்குத் தள்ள முடியல, உள்ளயே தங்கிடுச்சு. அளவு மீறினா நரம்பையும் தசையையும் தூங்க வைக்கும். இப்ப கால் தூங்குது. அடுத்தது மூச்சு."

பிரஷருக்கு நல்லது என்றுதானே சாப்பிட்டேன் என்று கேட்க நாக்கு புரளாமல் அவரையே பார்த்தேன். புரிந்துகொண்டு பதில் சொன்னார். "மக்னீசியம் கொஞ்சம் பேருக்கு பிரஷரைக் கொஞ்சம் குறைக்கலாம். அது மாத்திரைக்கு பதில் ஆகாது. இப்ப உண்மையைச் சொல்லுங்க. பிரஷர் மாத்திரை எப்ப நிறுத்தினீங்க?"

எட்டு விரலைக் காட்டினேன்.

"எட்டு நாளா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். சேகர்தான் சொன்னார், எட்டு மாதம் என்று. டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மக்னீசியத்தின் பிடியைக் கொஞ்ச நேரத்துக்குத் தளர்த்த கால்சியம் ஊசி போட்டார்கள். உடம்பெல்லாம் சூடு பரவியது. கழுத்தில் குழாய் இறக்கி டயாலிசிஸுக்குக் கொண்டுபோனார்கள். டயாலிசிஸ் என்றால், நம் இரத்தத்தைக் குழாய் வழியாக வெளியே எடுத்து, இயந்திரத்தில் கழுவி, திரும்ப உள்ளே விடுவது. நாலு மணி நேரம் ஆகும். அந்தப் பிரிவின் வாசலில் தள்ளுவண்டியில் காத்துக் கிடந்தபோது, பிள்ளைச்சாவடியிலிருந்து கணவனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்த ஒரு அம்மா தன் போர்வையை உதறி என் கால்மேல் போட்டாள்.

"மொத தபா ரொம்பக் குளுரும்மா. இத்த வச்சிக்க. எங்க ஊட்டுக்காரு மூணு வருசமா வராரு, அவருக்குப் பழகிடுச்சு."

மூன்று வருடம் என்றதும் எனக்குக் குளிரே மறந்துபோனது. எனக்கும் அப்படித்தானா என்று சிறுநீரக டாக்டரைக் கேட்கச் சொல்லி, சைகையாலேயே சேகரைத் துரத்தினேன். அடுத்த பத்து நாளில் தெரிந்துவிடும் என்றாராம். சிறுநீரகத்தில் எது செத்தது, எது மயங்கிக் கிடக்கிறது என்று பொறுத்திருந்துதான் பார்க்க வேண்டுமாம்.

மூன்று முறை இயந்திரத்தில் கழுவிய பிறகு நாக்கு திரும்பியது. திரும்பிய நாக்கை வைத்துக்கொண்டு முதலில் செய்த காரியம், சேகரின் செல்போனை வாங்கி அக்காவைக் கூப்பிட்டது. அவளுக்கு விஷயம் பாதிதான் தெரியும். அழ ஆரம்பித்தாள்.

"அழாத. அந்த மாத்திரை வீட்ல இருக்கா? பிரிக்காத பெட்டி?"

"இருக்கு. உனக்குத்தான்டி வாங்கி வச்சிருக்கேன்."

"பிரி. உள்ள ஒரு நொத்தீஸ் இருக்கும். எடுத்துப் படி. சத்தமா."

நொத்தீஸ் என்பது மருந்தோடு மடித்து வைத்திருக்கும் அந்தக் காகிதம். காகிதம் சரசரப்பது கேட்டது. அக்கா பிரெஞ்சில் படித்தாள். முப்பது வருடத்துக்கு மேல் அங்கே இருந்தும் அவள் வாசிப்பு தட்டுத் தடுமாறித்தான் போகும். ஒவ்வொரு சொல்லாகத் திருத்தினேன், கழுத்தில் குழாயோடு. யாருக்குப் பயன்படும் என்று படித்தாள். யார் சாப்பிடக் கூடாது என்ற இடம் வந்தது. முதல் வரியே கடுமையான சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களைப் பற்றி. பாதியில் நிறுத்திவிட்டாள்.

"படி" என்றேன்.

"விமலா..."

"படிக்கா!"

படித்தாள். "வெய்ட்டு கூடிடும்னு எப்பவும் பிரிச்சித் தூக்கிப் போட்டுடுவேன்டி. இதுல இவ்ளோ எழுதியிருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஒரு காகிதம் எத்தனை கிலோ என்று கேட்டேன். எல்லோருக்கும் டாக்டராக உனக்கு யார் பட்டம் கொடுத்தது என்று கேட்டேன். பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். லதா வந்து ஃபோனைப் பிடுங்கி, பிரஷர் பார்த்து, என்னையும் திட்டிவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் சிறுநீரக டாக்டரிடம் அக்காவைப் பற்றிப் புகார் சொன்னேன். முழுதும் கேட்டுக்கொண்டார். "உங்க அக்கா குடுத்தது உங்களைப் படுக்க வச்சது, சரி. ஆனா சிறுநீரகத்தைக் கெடுத்தது மக்னீசியம் இல்ல மேடம். நீங்க நிறுத்தின மாத்திரை. எட்டு மாசமா அந்த பிரஷர்ல ரத்தம் உள்ள மோதிக்கிட்டே இருந்திருக்கு" என்றார். அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டாம். அன்றைக்குச் சாப்பாட்டை அப்படியே திருப்பி அனுப்பினேன். உப்பில்லாத இட்லி, நஷ்டம் ஒன்றுமில்லை.

கோபத்துக்கு இப்போது போக இடமில்லாமல் போய்விட்டது. பெரிய டாக்டர் மேல் கொஞ்சம் வைத்தேன். ஆறு பேரும் கேட்டது உண்மைதான், ஆனால் என்ன மாத்திரை என்று கேட்டார்களே தவிர, வாயில் வேறு என்ன போடுகிறீர்கள், சத்து மாத்திரையா, கஷாயமா, ஊரிலிருந்து வந்ததா என்று ஒருவர் கேட்கவில்லை. இந்த ஊரில் எந்த வீட்டில் அந்தப் பை இல்லை? அவர்களுக்குத் தெரியாதா? இதை அவரிடம் நேராகவே கேட்டேன். "நீங்க சொல்லியிருக்கணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார். மீதிக் கோபம் முழுக்க என்மேல்தான். அது இன்னும் அங்கேயே இருக்கிறது.

பதினேழாம் நாள் குழாயை எடுத்தார்கள். கிரியாட்டினின் இரண்டு புள்ளி எட்டில் வந்து நின்றுவிட்டது. இனி கீழே இறங்காது. இயந்திரம் இப்போதைக்கு வேண்டாம், ஆனால் இருப்பது கால்வாசிச் சிறுநீரகம்தான். பிரஷரைக் கட்டுக்குள் வைத்தால் சில வருடம் ஓடும், பிறகு இயந்திரம், அல்லது யாராவது சிறுநீரகம் தர வேண்டும். எத்தனை வருடம் என்று டாக்டர் சொல்லவில்லை. நாலு விதமான மாத்திரை, ஆயுசுக்கும். இந்தத் தடவை அந்தச் சொல்லுக்கு நான் சண்டை போடவில்லை.

போன வாரம் அக்கா கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியில் திட்டியதற்குப் பிறகு அவளோடு நான் பேசவே இல்லை, சேகர்தான் பேசிக்கொண்டிருந்தார்.

"விமலா, கோவப்படாம கேளு. நான் டாக்டரைப் பாத்துட்டேன். எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு. எனக்கு ரெண்டும் நல்லா இருக்காம். ரத்த குரூப்பும் உன்னோடதுதான். உனக்குத் தேவைப்படற அன்னைக்கு ஒண்ணு எடுத்துக்க."

"யாரைக் கேட்டு டெஸ்ட் எடுத்த?" என்று கத்தினேன்.

"உனக்குக் குடுக்கறதுக்கு யாரைடி கேக்கணும்?"

ஐம்பத்து மூன்று வயது அவளுக்கு. கொடுக்கிறவள் எப்போதும் அவள், வாங்குகிறவள் எப்போதும் நான். சென்ட், சோப்பு, மாத்திரை, இப்போது இது. எனக்கு நன்றி வரவில்லை. கோபம்தான் வந்தது. இனிமேல் எனக்காக எதையும் நீயாக முடிவு செய்யாதே என்றேன், உன் வேலையைப் பார் என்றேன், இன்னும் என்னென்னவோ சொல்லிவிட்டு ஃபோனை வைத்தேன். வேண்டாம் என்று மட்டும் நான் சொல்லவில்லை.